மவுண்ட் கட்டர் வாங்குவதற்கு முன்

(படம் ஃபிரேம் போடும் பயிற்சியை முடித்தவர்களும் அவர்களின் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில், நம் அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)





வட்டியில்லாக் கடனுக்காக நீங்கள் எழுதித் தந்த விண்ணப்பங்களை நிர்வாகக் குழு பார்த்தது. சட்டம் அறுப்பதற்கு, மூலை சேர்ப்பதற்கு, கண்ணாடி வெட்டுவதற்கு என்று நீங்கள் கேட்டிருக்கும் கருவிகளில் பெரிய வேறுபாடு இல்லை. மவுண்ட் கட்டர் என்ற வரியில்தான் ஆளுக்கு ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் இருப்பதிலேயே பெரியதைக் கேட்டிருக்கிறார். ஒரு தங்கை, கையில் பிடித்து வெட்டும் சின்னக் கட்டரே போதும், கடன் குறையும் என்று எழுதியிருக்கிறார். இன்னொரு தம்பி "நல்லதாக ஒன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அந்த நல்லது எது என்று தீர்மானிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இந்தக் கடனை மாதாமாதம் திருப்பிக் கட்டப் போகிறவர்கள் நீங்கள். நீங்கள் கட்டும் தவணைதான் அடுத்த குடும்பத்துக்குக் கடனாகப் போகும். வாங்கிய கருவி மூலையில் கிடந்தால் உங்கள் தவணை நிற்கும், அவர்களுடைய முறையும் தள்ளிப் போகும்.

பெற்றோர்களுக்காக ஒரு விளக்கம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், படத்தைச் சுற்றி ஓர் அட்டை தெரிகிறதே, அதுதான் மவுண்ட். அது அழகுக்காக மட்டும் வைப்பதல்ல. படத்தைக் கண்ணாடியில் படாமல் தள்ளி வைப்பது அதன் முதல் வேலை. நம் ஊர் போன்ற ஈரக்காற்று உள்ள இடத்தில், கண்ணாடியை ஒட்டி வைத்த பழைய போட்டோ நாளடைவில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படத்தின் மேற்பரப்பு கண்ணாடியோடு வந்துவிடும். மவுண்ட் வைத்த படத்துக்கு அந்தக் கதி வருவதில்லை.

அந்த அட்டையின் நடுவில் படம் தெரியும்படி ஒரு ஜன்னல் வெட்டுகிறோம். அதன் ஓரத்தை நேராக வெட்டுவதில்லை, 45 டிகிரி சாய்த்து வெட்டுகிறோம். அப்படி வெட்டினால் அட்டையின் உள்ளே இருக்கும் வெள்ளை, மெல்லிய கோடு போலப் படத்தைச் சுற்றி ஓடும். அந்தக் கோடு நான்கு பக்கமும் ஒரே சீராக, நான்கு மூலையும் கூர்மையாக இருந்தால் வேலை சுத்தம் என்று எவருக்கும் தெரியும். ஒரு மூலையில் கத்தி தாண்டி ஓடியிருந்தால் அதுவும் எவருக்கும் தெரியும்.

சில தாய்மார்கள் கேட்டார்கள்: "இதற்கு ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் போதாதா?" நியாயமான கேள்வி. சாய்வாகப் பிளேடு பிடிக்கும் கைக் கட்டரும் ஒரு கனமான ஸ்கேலும் இருந்தால் மவுண்ட் வெட்டலாம். கை பழகியவர்கள் அழகாகவே வெட்டுகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜன்னலுக்கு 4 வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு. ஆக 8 இடங்களில் கை சரியாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் ஒன்று 10 சான்றிதழ் கொடுத்தால் 80 இடங்கள். அத்தனையையும் பென்சில் கோட்டைப் பார்த்துக் கண்ணாலேயே நிறுத்த வேண்டும். முதல் மவுண்ட்டில் இருக்கும் கவனம் பத்தாவதில் இருக்காது. ஓர் இடத்தில் தவறினால் முழு அட்டையும் போச்சு.

மேசையில் வைக்கும் மவுண்ட் கட்டர் இந்தச் சுமையைத்தான் குறைக்கிறது. அதில் நான்கு பாகங்களை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். முதலாவது ரெயில்: கத்தி வளையாமல் ஓடும் பாதை. இரண்டாவது, அட்டையின் ஓரத்தை ரெயிலுக்குச் செங்குத்தாக நிறுத்தும் கை, அதாவது மூலைமட்டம் செய்யும் வேலையைச் செய்யும் பாகம். மூன்றாவது, ரெயிலுக்கு இணையாக நகரும் தடுப்பு. மவுண்ட்டின் பட்டை 50 மில்லிமீட்டர் என்று ஒருமுறை வைத்து முடுக்கினால் நான்கு பக்கமும் 50 தான் வரும், கோடு போடத் தேவையில்லை. நான்காவது ஸ்டாப்: கத்தி எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பிடித்துக்கொள்ளும் கட்டை. மேலே சொன்ன 80 இடங்களையும் நினைவில் வைத்திருப்பது உங்கள் கண்ணல்ல, இந்த ஸ்டாப்தான். முதல் மவுண்ட்டைப் போலவே நூறாவதும் வர வேண்டும் என்பதற்காகத்தான் மெஷினுக்குப் பணம் கொடுக்கிறோம். விலைப் பட்டியலில் வேறு என்ன பெருமை எழுதியிருந்தாலும், இந்த ஒன்றை அது செய்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது நீளம். மெஷினைப் பார்ப்பதற்கு முன் அட்டைக் கடைக்குப் போங்கள். எந்த அளவு ஷீட் தடையில்லாமல் கிடைக்கிறது என்று கேளுங்கள், டேப் வைத்து அளந்தும் பாருங்கள். 32-க்கு 40 அங்குலம் என்பது மவுண்ட் போர்டில் பரவலாக உள்ள ஓர் அளவு. மில்லிமீட்டரில் 813-க்கு 1016. இதை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறேன்.

ஏ4 அளவுச் சான்றிதழ் 210-க்கு 297 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டர் மவுண்ட்டுக்கு அடியில் போக வேண்டும் என்றால் ஜன்னல் 200-க்கு 287. மேலும் இரு பக்கமும் 50, கீழே மட்டும் 60 பட்டை விட்டால், மவுண்ட்டின் வெளி அளவு 300-க்கு 397. இந்த 300-ஐ ஷீட்டின் சின்னப் பக்கத்தில் வைத்தால் 2, நீளப் பக்கத்தில் 397-ஐ வைத்தால் 2, ஆக 4 மவுண்ட் கிடைக்கும். ஷீட்டைத் திருப்பி 397-ஐச் சின்னப் பக்கத்தில் வைத்தால் 2, 300-ஐ நீளப் பக்கத்தில் வைத்தால் 3, ஆக 6 கிடைக்கும். அதே ஷீட், அதே விலை, இரண்டு மவுண்ட் அதிகம். மிஞ்சும் 116 மில்லிமீட்டர் துண்டையும் எறியாதீர்கள், அதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் இந்த ஆறு கிடைக்க வேண்டுமானால் மெஷின் மட்டம் தவறாமல் இருக்க வேண்டும். இரண்டு 397 சேர்ந்தால் 794. ஷீட் 813. இடையில் 19 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. செங்குத்துக் கை 1 டிகிரி பிசகியிருந்தால், 813 நீள வெட்டில் முனைக்கு முனை 14 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஆறு என்று போட்ட கணக்கு அங்கேயே கெட்டுப்போகும்.

இப்போது மெஷின்களின் அளவு. அமெரிக்காவின் லோகன் கம்பெனியில் 301 என்ற மாடல் 32 அங்குலம், 450 என்ற மாடல் 40 அங்குலம். அதே நாட்டு ஃப்ளெட்சர் கம்பெனியின் 2200 வரிசை 48, 60 அங்குலங்களில் வருகிறது. அது நாள் முழுக்க ஃபிரேம் போடும் கடைகளுக்கானது. இங்கிலாந்தின் கீன்கட் கம்பெனியும் அந்தத் தரத்தில் செய்கிறது. பெயரைச் சொன்னதால் இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று பொருளல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொன்னேன்.

32 அங்குல மெஷினில் ஷீட்டின் சின்னப் பக்கத்தை வெட்டலாம். சான்றிதழ், ஆலிம் ஸனது, சாதாரணக் குடும்பப் படம் எல்லாம் அதில் முடியும். ஆனால் 24-க்கு 36 அங்குலத்தில் ஒரு திருமணக் குழுப் படம் வந்தால், இரு பக்கமும் 2 அங்குலப் பட்டை விட்டு மவுண்ட் 28-க்கு 40 ஆகிவிடும். அந்த 40 அங்குல வெட்டு 32 அங்குல ரெயிலில் முடியாது. அறபு எழுத்தணியை வரவேற்பறைக்குப் பெரிதாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும்.

அப்படியானால் 60 அங்குலம் வாங்கிவிடலாமா? வீட்டில் ஓர் அறையில் தொழில் செய்யப் போகிறவர்கள் அந்த அறையை அளந்துவிட்டுச் சொல்லுங்கள். மெஷினே 5 அடிக்கு மேல் மேசையில் படுக்கும். ஷீட்டை உள்ளே விட்டு வெளியே எடுக்க அதன் பக்கத்தில் இன்னும் இடம் வேண்டும். மேசை மட்டமாக, ஆடாமல் இருக்க வேண்டும். கட்டிலுக்கடியில் தள்ளி வைத்து, தேவைப்படும்போது எடுக்கும் கருவியல்ல அது. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைக்காக ஒவ்வொரு மாதமும் பெரிய தவணை கட்ட வேண்டாம்.

ஆகவே வீட்டிலோ சிறு கடையிலோ தொடங்குகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இது: 40 அங்குல நீளம், இணைத் தடுப்பு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஸ்டாப். இந்த மூன்றும் உள்ள கை மெஷின் போதும். சில மாடல்களில் தடுப்பும் ஸ்டாப்பும் கூடவே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். கைக் கட்டரைக் கேட்ட தங்கைக்கும் ஒன்று சொல்கிறேன். கடன் குறைய வேண்டும் என்று நினைத்தது நல்ல எண்ணம். மாதத்தில் நாலைந்து படம் மட்டும்தான் வரும் என்றால் அந்தக் கட்டரிலேயே தொடங்குங்கள். பள்ளிக்கூட வேலையை எடுக்கப் போகிறீர்கள் என்றால் அது போதாது.

கடையில் மெஷினைச் சோதிக்கும் முறை. உங்கள் சொந்த அட்டைத் துண்டுகளை எடுத்துப் போங்கள்.

முதல் சோதனை, ரெயில் நேராக இருக்கிறதா என்பது. இரண்டு நீளத் துண்டுகளை ஒரே மாதிரி வைத்து, ஒவ்வொன்றாக நடுவில் வெட்டுங்கள். இரண்டு வெட்டிலும் ரெயிலின் ஒரே பக்கத்தில் இருந்த பாதிகளை எடுத்து, ஒன்றைப் புத்தகப் பக்கம் போல முகம் கீழாகப் புரட்டி, வெட்டிய ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள். நடுவிலோ முனைகளிலோ வெளிச்சம் தெரிந்தால் வெட்டு வளைந்திருக்கிறது. புரட்டும்போது பிசகு இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் சின்னக் குறையும் தப்பாது.

இரண்டாவது, மட்டம். அட்டையைச் செங்குத்துக் கையோடு ஒட்டி வைத்து வெட்டுங்கள். வெட்டிய துண்டைப் புரட்டி, அதே ஓரத்தைக் கையோடு ஒட்டி மறுபடி ரெயிலுக்கு அடியில் வையுங்கள். வெட்டிய ஓரம் ரெயிலோடு ஒத்து ஓடினால் மட்டம் சரி. ஒத்து ஓடவில்லை என்றால், அந்தக் கையைத் திருத்தி முடுக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அங்கேயே திருத்திக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

மூன்றாவது, மூலை. நான்கு பக்கமும் சாய்வு வெட்டுப் போட்டுவிட்டு அட்டையைத் தூக்குங்கள். நடுத்துண்டு தானாக விழ வேண்டும். இழுத்து எடுக்க வேண்டியிருந்தால் மூலை கிழியும். தானாக விழுந்தும் மூலையைத் தாண்டிக் கீறல் தெரிந்தால், ஸ்டாப்பைச் சற்று நகர்த்தி இன்னொரு முறை வெட்டிப் பாருங்கள். நகர்த்தி முடுக்கிய பிறகும் ஸ்டாப் வழுக்கினால் அந்த மெஷின் பயன்படாது.

நான்காவது, கத்தித் தலை. ரெயிலில் வைத்துப் பக்கவாட்டில் லேசாக ஆட்டுங்கள். கடகடவென்று ஆடக் கூடாது. பிளேடை ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டுங்கள். கடைக்காரர் செய்து காட்டுவது போதாது, தினமும் செய்யப் போவது நீங்கள்தான்.

பிளேடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மவுண்ட் வேலையில் நிற்காத செலவு பிளேடுதான். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாது, கிழிக்கும். சாய்வின் வெள்ளைக் கோடு பஞ்சு பஞ்சாகத் தெரியும். வெட்டின் தொடக்கத்தில் கொக்கி போல ஒரு வளைவு விழும். புதுப் பிளேடிலும் அந்தக் கொக்கி விழுந்தால், பிளேடு தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். மவுண்ட் போர்டு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். பிளேடு அதைக் கடந்து, அடியில் வைத்திருக்கும் துண்டில் லேசான கீறல் மட்டும் போட வேண்டும். அந்த அடித்துண்டு கட்டாயம் வேண்டும். முன்பு 116 மில்லிமீட்டர் மிஞ்சியதே, அதை இதற்குத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரே கீறலில் திரும்பத் திரும்ப ஓடினால் பிளேடு பழைய பள்ளத்தைப் பிடித்து விலகும். அவ்வப்போது துண்டை நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் பிளேடின் கனமும் வடிவமும் வேறு. அதனால் மெஷினை வாங்கும் முன், அதற்கு எந்த எண் பிளேடு, பாக்கெட்டில் எத்தனை, எங்கே கிடைக்கும், என்ன விலை என்ற நான்கையும் கேட்டு எழுதுங்கள். வளைகுடாவில் இருக்கும் மச்சான் வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னதாகச் சிலர் சொன்னீர்கள். நல்லது, ஆனால் மெஷினோடு பிளேடு பாக்கெட்டுகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். 40 அங்குல மெஷினின் பெட்டி ஒரு மீட்டரைத் தாண்டும். அந்த நீளத்தை ஏற்பார்களா என்று விமானக் கம்பெனியில் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

பழைய மெஷின் மலிவாக வந்தால் ஒதுக்க வேண்டாம். மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் செய்யுங்கள். கூடவே அடிப்பலகையின் ஓரங்களை விரலால் தடவுங்கள். மரத்தூள் பலகை ஈரம் குடித்தால் ஊதிவிடும். ஊதிய பலகையில் அட்டை மட்டமாகப் படுக்காது, வெட்டும் ஒரே ஆழத்தில் இறங்காது. ரெயிலையும் கத்தித் தலையையும் பழுது பார்க்கலாம், ஊதிய பலகையைச் சரிசெய்வது கடினம். புதிதோ பழையதோ, நம் ஊர் உப்புக் காற்றில் இரும்புப் பாகம் துருப்பிடிக்காமல் இருக்க, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் அட்டையில் பட்டாலும் கறைதான்.

வீட்டில் தொழில் செய்யப் போகும் சகோதரிகள் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. கழற்றிய பிளேடைக் குப்பையில் போடாதீர்கள். மூடி உள்ள தகர டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு, அதன் வழியாக உள்ளே தள்ளுங்கள். டப்பா நிறைந்ததும் மூடியை ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் கத்தித் தலையைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். துப்புரவுப் பணி செய்பவரும் ஒரு பிள்ளைக்கு வாப்பா, ஒரு குடும்பத்துக்கு ஆதாரம்.

இன்னொரு விஷயம், உங்களை நம்பி வருகிறவர்களைப் பற்றியது. உங்களிடம் வரும் பொருளில் பாதி, இன்னொரு பிரதி இல்லாதது. மவுத்தான வாப்பாவின் ஒரே போட்டோ, பாட்டனாரின் நிக்காஹ் ஒப்பந்தம், உம்மா கையால் எழுதிய கடிதம். இவையெல்லாம் உங்கள் கையில் அமானிதம். ஆகவே மவுண்ட்டை முதலில் வெட்டுங்கள், சரிபாருங்கள், மேசையைத் துடையுங்கள், அதன் பிறகே அந்தப் பொருளை உறையிலிருந்து எடுங்கள். வெட்டும் மேசைக்கு அருகில்கூட அது இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட பொருளுக்கு ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டையே கேட்டு வாங்குங்கள். மட்டமான அட்டை சில வருஷங்களில் பழுப்பாகி, படத்திலும் அந்தக் கறையை இறக்கிவிடும். என்ன அட்டை போடுகிறீர்கள் என்பதையும் அதன் விலையையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். தீர்மானிப்பது அவர்கள்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். மவுண்ட் கட்டர் வரியை எல்லோரும் மறுபடி எழுதித் தாருங்கள். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. நீங்கள் வாங்கப் போகும் ஷீட்டின் அளவு, மாதத்தில் எதிர்பார்க்கும் வேலை, மெஷின் வைக்கும் இடத்தின் நீள அகலம், பிளேடின் எண், அது கிடைக்கும் கடை, வரியோடு சேர்ந்த மொத்த விலை, இந்த ஆறும் இருக்க வேண்டும். கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் கூச்சப்படாமல் அலுவலகத்துக்கு வாருங்கள், அஸருக்குப் பிறகு உட்கார்ந்து சேர்ந்தே போடலாம். இரண்டு மூன்று பேர் ஒரே தெருவில் இருந்தால், சேர்ந்து ஒரு மெஷின் வாங்கி நாள் பிரித்து வேலை செய்யவும் குழு சம்மதிக்கும். ஆனால் யார் பிளேடு வாங்குவது, பழுதானால் யார் செலவு செய்வது என்பதை முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் முதல் மாதத்தில் சில அட்டைகளை வீணாக்குவார்கள். திட்டாதீர்கள். வீணான அட்டையில் சின்ன அளவு மவுண்ட் வெட்டலாம், அடித்துண்டாகவும் போடலாம். கை பழக வேண்டுமானால் அட்டை செலவாகத்தான் செய்யும். அதற்காகக் கடன் தொகையில் ஒரு சிறு பகுதியை அட்டைக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.